பிராஞ்சுக்கு ஒரு முகவரி: டெவ் சர்வரில் கோட் தானாக ஏற ஒரு எளிய வழி

டெவ் சர்வர் (உருவாகிவரும் மென்பொருளைச் சோதிக்கும் சர்வர்) ஒன்று, டெவலப்பர்கள் நாலைந்து பேர் என்றால் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "இப்போ சர்வர்ல யாரோட பிராஞ்ச் ஓடுது?" பிராஞ்ச் என்றால் ஒருவர் தனியாக மாற்றிக்கொண்டிருக்கும் கோடின் கிளை. ஒருவர் லாகின் பக்கத்தைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் தன் கோடை மேலே ஏற்றிவிடுவார். முறை வைத்துக்கொண்டால் இது தீராது. பிராஞ்சுக்கு ஒரு ஃபோல்டர், ஒரு முகவரி என்று பிரித்துவிட்டால் தீர்ந்துவிடும்.

ஜென்கின்ஸ், கிட்லேப் சிஐ போன்ற தானியங்கு கருவிகளாலும் இதைச் செய்யலாம். அடியில் என்ன நடக்கிறது என்று புரிய, கிட்டும் (கோடின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) ஒரு ஷெல் ஸ்கிரிப்டும் (கட்டளைகளை எழுதிய ஃபைல்) போதும். லினக்ஸ் சர்வரும் என்ஜின்எக்ஸும் (பக்கங்களை பிரவுசருக்குத் தரும் வெப் சர்வர்) கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

படி 1: சர்வரில் ஒரு பேர் (bare) ரெப்போ

ரெப்போ என்றால் கிட் கோடைச் சேமித்துவைக்கும் இடம். முதலில் டெப்ளாய் (கோடைச் சர்வரில் ஏற்றும்) வேலைக்கென்றே தனி லினக்ஸ் யூசரை உருவாக்கி, குழுவில் உள்ளவர்களின் எஸ்எஸ்ஹெச் பப்ளிக் கீக்களை (சர்வருக்குள் நுழைய உதவும் சாவிகளின் பொதுப் பகுதி) அதில் சேருங்கள். எல்லா அதிகாரமும் உள்ள ரூட் யூசர் வேண்டவே வேண்டாம். புஷ் செய்ய (கோட் மாற்றங்களை ரெப்போவுக்கு அனுப்ப) முடிந்தவர் எவரும் பில்ட் (கோடை ஓடும் நிலைக்குத் தயாராக்கும் வேலை) வழியாக அந்தச் சர்வரில் எதையும் ஓட்ட முடியும் என்பதை மறக்காதீர்கள்.

பிறகு கிட் இனிட் கட்டளையை பேர் ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இதில் வரலாறு மட்டும் இருக்கும், வேலை செய்யும் ஃபைல்கள் இருக்காது. சாதாரண ரெப்போவில் செக்அவுட் ஆகியிருக்கும் (ஃபைல்களாக விரிந்திருக்கும்) பிராஞ்சுக்கு புஷ் செய்தால் கிட் மறுத்துவிடும், அதனால்தான் பேர். உங்கள் கணினியில் இதை "டெவ்" என்ற பெயரில் ரிமோட்டாக (புஷ் செய்யும் இலக்காக) சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஹூக்

ஹூக் என்றால் ஒரு நிகழ்வு நடந்ததும் கிட் தானாக ஓட்டும் ஸ்கிரிப்ட். அந்த ரெப்போவின் ஹூக்ஸ் ஃபோல்டரில் போஸ்ட்-ரிசீவ் என்ற பெயரில் ஒரு ஃபைல். எக்ஸ்டென்ஷன் கூடாது, எக்ஸிகியூட் பர்மிஷன் கட்டாயம். புஷ் முடிந்ததும் கிட் இதை ஓட்டும். மாறிய ஒவ்வொரு பிராஞ்சுக்கும் ஒரு வரியை ஸ்டாண்டர்ட் இன்புட்டில் தரும்: பழைய கமிட் (கமிட் என்றால் சேமித்த ஒரு பதிப்பு), புதிய கமிட், refs/heads/ என்று தொடங்கும் பிராஞ்சின் முழுப்பெயர். அந்த முன்பகுதியை வெட்டினால் பிராஞ்சின் பெயர் கிடைக்கும். டேக் (ஒரு பதிப்புக்குச் சூட்டும் பெயர்) வந்தால் விட்டுவிடுங்கள்.

இந்தப் பெயரை அப்படியே நம்பக் கூடாது. டாலர் குறி, அரைப்புள்ளி எல்லாம் பிராஞ்ச் பெயரில் வர கிட் அனுமதிக்கிறது. ஷெல்லில் அது வம்பு. சிறிய எழுத்தாக்கி, எழுத்தும் எண்ணும் தவிர மற்ற எல்லாவற்றையும் ஹைஃபனாக மாற்றுங்கள். இதே பெயர் முகவரியிலும் வரும். முகவரியில் புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதி 63 எழுத்துக்குமேல் போகக் கூடாது என்பதால் நீளத்தையும் வெட்டுங்கள். பெயரை வைத்திருக்கும் வேரியபிளை எப்போதும் இரட்டை மேற்கோளுக்குள்ளேயே பயன்படுத்துங்கள்.

படி 3: கோடை விரிப்பது

பல பாடங்களில் "செக்அவுட் -எஃப்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஒரே பிராஞ்ச் என்றால் சரி. பல பிராஞ்சுகள் என்றால் எல்லா ஃபோல்டர்களும் ஒரே இன்டெக்ஸை (கிட் வைத்திருக்கும் ஃபைல் பட்டியலை) பகிரும். நீக்கிய ஃபைல்கள் அங்கேயே தங்கிவிடலாம்.

அதற்குப் பதில் கிட் ஆர்க்கைவ் (ஒரு கமிட்டின் ஃபைல்களைக் கட்டித் தரும் கட்டளை) வெளியீட்டை, கட்டை அவிழ்க்கும் டார் கட்டளைக்கு பைப் செய்து (நேராக அனுப்பி), கமிட் ஹாஷ் (கமிட்டின் அடையாளக் குறி) பெயரில் ஒரு புது ஃபோல்டரில் விரியுங்கள். அங்கேயே பில்ட் ஓடட்டும். வெற்றி பெற்றால் மட்டும் பிராஞ்ச் பெயரிலுள்ள சிம்லிங்கை (வேறு ஃபோல்டரைச் சுட்டும் இணைப்பை) அதற்குத் திருப்புங்கள். பில்ட் உடைந்தாலும் டெஸ்டரிடம் பழைய பதிப்பு ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே இரண்டு கண்ணிகள். ஹூக்குக்குள் கிட்-டிர் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் (ரெப்போ எங்கே என்று கிட்டுக்குச் சொல்வது) ஏற்கெனவே இருக்கும். பில்டில் வேறு ரெப்போவுக்காக கிட் ஓடினால் தப்பான இடத்தைப் பார்க்கும். அதனால் பில்டுக்கு முன் அன்செட் செய்துவிடுங்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் புஷ் செய்தால் மோதாமலிருக்க எஃப்லாக் (ஒன்று முடியும்வரை அடுத்ததைக் காக்கவைக்கும் பூட்டு) போடுங்கள்.

டேட்டாபேஸும் பிராஞ்சுக்கு ஒன்று வேண்டும். பொதுவாக ஒன்றை வைத்தால், ஒருவருடைய மைக்ரேஷன் (டேட்டாபேஸின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) அடுத்தவரின் பிராஞ்சை உடைத்துவிடும்.

படி 4: முகவரி

டிஎன்எஸ்ஸில் (முகவரிப் பெயரைச் சர்வரோடு இணைக்கும் அமைப்பு) நட்சத்திரக் குறியோடு ஒரு வைல்ட்கார்ட் ரெக்கார்ட். எந்தப் பிராஞ்ச் பெயர் வந்தாலும் அது பொருந்தும். என்ஜின்எக்ஸின் சர்வர்-நேமில் ரெகெக்ஸ் (எழுத்து வடிவத்தைப் பொருத்தும் சூத்திரம்) எழுதி, பிராஞ்ச் பெயரைப் பிடித்து ரூட் பாதையில் வையுங்கள். புது பிராஞ்ச் வந்தாலும் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ய வேண்டியதில்லை. லெட்ஸ் என்க்ரிப்ட் அமைப்பு 2018 முதல் ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கான வைல்ட்கார்ட் சான்றிதழும் இலவசமாகத் தருகிறது. ஆனால் டிஎன்எஸ் சேலஞ்ச் (டிஎன்எஸ்ஸில் ஒரு ரெக்கார்ட் வைத்து முகவரி நம்முடையது என்று நிரூபிப்பது) வழியாக மட்டுமே. பாஸ்வேர்டும் போட்டுவிடுங்கள், கூகுளில் வந்து நிற்க வேண்டாம்.

படி 5: துடைப்பது

பலரும் விட்டுவிடும் படி. அப்புறம் ஒரு நாள் டிஸ்க் நிறைந்து எல்லாமே நிற்கும். பிராஞ்சை நீக்கினாலும் ஹூக் ஓடும், புதிய கமிட் இருக்கும் இடத்தில் வெறும் பூஜ்யங்களாக வரும். அதைக் கண்டதும் சிம்லிங்க், ஃபோல்டர், டேட்டாபேஸ் மூன்றையும் அழியுங்கள். பெயர் காலியாக இல்லை என்று உறுதிசெய்த பிறகே ஆர்எம் (அழிக்கும் கட்டளை). காலியாக இருந்தால் எல்லா பிராஞ்சுகளும் போய்விடும்.

ஓட்டிப் பார்ப்போம்

ஹூக்கின் கடைசியில் முகவரியை எக்கோ செய்யுங்கள் (அச்சிடுங்கள்). புஷ் செய்பவரின் டெர்மினலிலேயே "ரிமோட்" என்ற முன்னொட்டோடு அது தெரியும். ஒன்றுமே தெரியவில்லையா? முதலில் எக்ஸிகியூட் பர்மிஷன், அடுத்து ஃபைல் பெயரைப் பாருங்கள்.

இந்த ஹூக் தோற்றாலும் புஷ் ரத்தாகாது. ஹூக்கைத் திருத்திவிட்டு மறுபடி புஷ் செய்தால், புதிதாக ஒன்றும் இல்லை என்று கிட் சொல்லிவிடும், ஹூக் ஓடாது. அலவ்-எம்ப்டி ஆப்ஷனோடு ஒரு காலி கமிட் போட்டு புஷ் செய்யுங்கள், ஓடும்.