நுரையீரல் புற்றுநோய்ச் சிகிச்சைக் காலத்தில் உடலை இயக்கத்தில் வைத்திருப்பது எப்படி

சிகிச்சை தொடங்கியதும் நோயாளியைக் கட்டிலைவிட்டு இறங்க விடாமல் வீட்டார் பார்த்துக்கொள்வது வழக்கம். அன்பினால் செய்வதுதான் என்றாலும், படுத்தே இருப்பவரின் தொடைத் தசைகள் சில நாட்களிலேயே மெலியத் தொடங்கி, குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. அதற்கு அஞ்சி அவர் இன்னும் குறைவாக நடக்க, தசை மேலும் தளர்கிறது. எவ்வளவு தூங்கினாலும் தீராத சிகிச்சைக் களைப்புக்கும் அளவான நடை நல்ல மருந்து.

தொடங்குமுன் மருத்துவரிடம் சிலவற்றைக் கேட்டறிய வேண்டும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தால் பாரம் ஏறும் இடத்தில் முறிவு ஏற்படலாம். இரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட் அணுக்கள் குறைந்திருந்தால் சிறு வீழ்ச்சியும் இரத்தக் கசிவில் முடியலாம். கீமோ மருந்தால் பாதம் மரத்துப்போனவர் சமதளத்தில் மட்டும் நடப்பது நல்லது.

நடைக்கு மூச்சே அளவுகோல். நடந்தபடி ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிந்தால் வேகம் சரி. சொல்லுக்குச் சொல் நிற்க நேர்ந்தால் குறைக்க வேண்டும். முதலில் 5 நிமிடம் வீதம் நாளுக்கு இரண்டு மூன்று முறை நடந்து, உடல் இடம் கொடுக்கும்போது ஓரிரு நிமிடம் கூட்டலாம். வாரத்தில் 3 நாள், நாளுக்கு 30 நிமிடம் என்பது புற்றுநோயாளிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு. அதை எட்டாத வாரங்கள் வரத்தான் செய்யும். கீமோ ஏற்றிய முதல் சில நாட்களில் வீட்டுக்குள் நடந்தாலே போதும். அதன்பின், தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் மிகவும் குறையும் நாட்களில், பெரும்பாலும் மருந்து ஏற்றியதிலிருந்து 7 முதல் 14 நாட்களுக்குள், கூட்டமான இடங்களைத் தவிர்க்க வேண்டும். கதிர்வீச்சில் களைப்பு போகப் போகக் கூடுவதால், தொடக்க வாரத் தெம்பை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

பலரைத் திணற வைப்பது மாடிப்படி. ஏறுமுன் நின்று மூக்கால் மூச்சை உள்ளிழுத்து, விளக்கை ஊதுவதுபோல் உதடுகளைக் குவித்து, இழுத்ததைப்போல் இரு மடங்கு நேரம் வெளிவிட வேண்டும். அப்படி விடும்போது ஒரு படி, இரண்டு படி ஏறி, நின்று மூச்சை இழுத்து, மீண்டும் ஏறலாம். மூச்சை அடக்கிக்கொண்டு விறுவிறுவென ஏறிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பாதியில் இரைத்தால் கைப்பிடிமேல் முன்கைகளை ஊன்றிச் சற்றே முன்னால் சாய்ந்தால், மூச்சுத் தசைகளுக்கு வேலை எளிதாகும்.

தசை வலுவுக்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. சுவரோடு சேர்த்துப் போட்ட உறுதியான நாற்காலியில் கையூன்றாமல் எழுந்து உட்காருவதை 5 முறை செய்தாலே தொடைக்கு வேலைதான். நுரையீரல் அறுவை முடிந்தவர்கள், வலிக்குப் பயந்து அந்தப் பக்கத் தோளை அசைக்காமல் வைத்திருந்தால் அது இறுகிவிடும்; பிசியோதெரபிஸ்ட் சொல்லும் தோள் அசைவுகளை விடாமல் செய்ய வேண்டும். பாரம் தூக்குவதை மட்டும் அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை ஒத்திவைக்கலாம்.

நெஞ்சுவலி, தலைசுற்றல், சளியில் இரத்தம், ஒரு காலில் மட்டும் வீக்கம், 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி, உடனே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும். நோயெதிர்ப்புச் சிகிச்சையோ கதிர்வீச்சோ பெறுபவருக்குப் புதிதாக வறட்டு இருமலும் மூச்சிரைப்பும் சேர்ந்து வந்தால் அது நுரையீரல் அழற்சியாக இருக்கக்கூடும். நடக்காமல் இருந்ததால் வந்த தளர்ச்சி என்று தாமே முடிவுகட்டி, மறுநாள் சற்று அதிகமாக நடந்து சரிசெய்யப் பார்க்கக் கூடாது.