தாடைக்குப் போன் கிராப்ட் (எலும்பு ஒட்டு): வெட்டுகிறவர் யார், தையல் பிரிந்தால் பார்க்கிறவர் யார்?

கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி நாலு வருஷம் சும்மா விட்டுவிட்டு, போன ஆண்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல் வேர்) வைக்கலாம் என்று தர்மபுரியில் ஒரு கிளினிக்குக்குப் போனேன். "எலும்பு கரைஞ்சு போச்சு, போன் கிராப்ட் பண்ணணும், ஞாயித்துக்கிழமை சர்ஜன் வர்றாரு, அட்வான்ஸ் கட்டிட்டுப் போங்க" என்றார்கள். சர்ஜன் யாருங்க என்று கேட்டேன். "பெரிய டாக்டர்" என்றார்கள். பெயர் கடைசிவரை வரவில்லை, நானும் கட்டவில்லை. அப்புறம் சேலம், ஓசூர் என்று மூன்று மாதம் அலைந்து கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எதற்கு இந்த வைத்தியம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பல்லைப் பிடுங்கினால் அது உட்கார்ந்திருந்த எலும்புக்கு வேலை போய்விடுகிறது, மெலிய ஆரம்பிக்கிறது. ஒரே வருஷத்தில் அகலம் பாதியாகக்கூடக் குறையலாம், அதிலும் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே. அந்த இடத்தில் எலும்புத் தூளையோ துண்டையோ வைத்து மூடினால், நம் எலும்பு அதன்மேல் வளர நாலு முதல் ஆறு மாதம் ஆகும். மேல்தாடையில் சைனஸை (பல்லுக்கு மேலே இருக்கிற காற்றறையை) உயர்த்தி வைத்தால் இன்னும் அதிக நாள் ஆகும். நம்ம பக்கம் போர்வெல் தண்ணீரில் இருக்கிற புளோரைடால் பல் பழுப்பாவது தெரிந்த கதை, 2013-ல் ஒகேனக்கல் தண்ணீர் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பல் போன இடத்தில் எலும்பு கரைவது எந்த ஊர்த் தண்ணீர் குடித்தவருக்கும் நடக்கும், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2. ஸ்கேன் இல்லாமல் யாரிடமும் தேதி வாங்காதீர்கள்

முழு வாய் எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், அகலம் தெரியாது. அதற்கு சி.பி.சி.டி. என்கிற, தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன் வேண்டும். சேலத்தில் ஒரு டாக்டர் கம்ப்யூட்டரில் என் தாடையை ரொட்டித் துண்டு மாதிரி குறுக்கே வெட்டி வெட்டிக் காட்டினார். மேலே கத்தி விளிம்பு போல மெலிந்த எலும்பு, கீழே கறுப்பாக ஒரு சின்ன வட்டம். "இதுதான் உதட்டுக்குப் போற நரம்பு ஓடுற குழாய், இதுக்கு மேல ரெண்டு மில்லிமீட்டராவது விட்டுத்தான் இம்பிளான்ட் நிக்கணும்" என்றார். எலும்பின் மேல் அகலம் மூன்றரை மில்லிமீட்டர். இம்பிளான்டே நாலு, சுற்றிலும் ஒரு மில்லிமீட்டராவது எலும்பு வேண்டும். கணக்கு எனக்கே புரிந்துவிட்டது. இப்படி உட்கார வைத்துக் காட்டாதவரிடம் நான் போக மாட்டேன். இரண்டாவது டாக்டரிடம் கேட்க வசதியாக, வெறும் பிரின்டாக இல்லாமல் முழு ஸ்கேன் பைலையும் சிடியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிராப்டே வேண்டாம், பிரிட்ஜ் (பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் செயற்கைப் பல்) போதும் என்று அவர் சொல்லவும் வாய்ப்புண்டு.

3. போர்டில் இருக்கிற படிப்பைப் படியுங்கள்

பி.டி.எஸ். எல்லாப் பல் டாக்டருக்கும் உண்டு. அதற்கு மேல் மூன்று வருஷம் எம்.டி.எஸ். எந்தப் பிரிவில் என்று பாருங்கள். வாய் மற்றும் முக அறுவை சிகிச்சை படித்தவர் பெரிய வேலைகளுக்கு. தாடையின் பின்பக்கத்திலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பு எடுத்து வைப்பதென்றால் இவர்தான். தூள் வைத்து மூடுகிற சின்ன வேலைக்கு ஈறு சிகிச்சை படித்தவரும் நன்றாகச் செய்வார். 'இம்பிளான்டாலஜிஸ்ட்' என்பது எம்.டி.எஸ்.ஸில் தனிப் பிரிவு கிடையாது, எங்கே, எவ்வளவு நாள் பயிற்சி என்று கேட்டுவிடுங்கள். தமிழ்நாடு பல் மருத்துவ கவுன்சில் பதிவு எண்ணையும் கேட்கலாம், நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. வந்து போகிற சர்ஜனா?

நம்ம ஊரில் பாதிக் குழப்பம் இங்கேதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி கிளினிக்குகளுக்குச் சேலத்திலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு சர்ஜன் வந்து, அன்றைக்கு இரண்டு மூன்று பேருக்குச் செய்துவிட்டுப் போவது சாதாரணம். அது தப்பே இல்லை. நான் கடைசியில் செய்துகொண்டதும் அப்படி ஒருவரிடம்தான். ஆனால் வெட்டுவதற்கு முன்னாடியே அவரை ஒரு தடவை நேரில் பாருங்கள். நாற்காலியில் வாயைத் திறந்த பிறகு அறிமுகம் ஆகக் கூடாது.

கேட்க வேண்டியது இதுதான்: அவர் போன பிறகு தையல் பிரிந்து உள்ளே வைத்த தூள் வெளியே தெரிந்தால் யார் பார்ப்பார்? மரத்துப்போகும் ஊசியின் வேகம் சில மணி நேரத்தில் போன பிறகும் உதடு மரத்தே இருந்தால் ராத்திரி எந்த நம்பருக்குப் பேசுவது? வீங்கின முகத்தோடு தொப்பூர் கணவாயில் லாரிக்குப் பின்னால் பஸ்ஸில் உட்கார்ந்திருக்க முடியாது, அதனால் உள்ளூர் டாக்டருக்கு என்ன தெரியும், அவர் கையில் என்ன குறிப்பு இருக்கும் என்பதும் சேர்த்தே பேசிவிடுங்கள். "உங்ககிட்ட கிராப்ட் சரியா வராம போன கேஸ்ல என்ன பண்ணீங்க?" என்றும் கேளுங்கள். எனக்கு எப்பவுமே போனதில்லை என்று சொன்னவரை நான் விட்டுவிட்டேன்.

5. எந்த எலும்பு?

இதைப் பலர் சொல்வதே இல்லை. நம் சொந்த எலும்பு, வேறு மனிதர் தானம் செய்த எலும்பு, பதப்படுத்திய மாட்டு எலும்பு அல்லது பன்றி எலும்பு, செயற்கையான சுண்ணாம்புச் சத்துப் பொருள் என்று நாலு வகை. சைவமோ மதமோ காரணமாக மனசு ஒப்பாதவர்கள் முன்னாடியே சொன்னால் செயற்கைப் பொருளில் செய்ய முடியுமா என்று பார்ப்பார்கள். வைத்த பிறகு தெரிந்து சங்கடப்பட்ட ஒரு அம்மாவை எனக்குத் தெரியும்.

6. அவர் உங்களைக் கேட்கிறாரா?

சுகர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, எலும்புத் தேய்மானத்துக்கு வருஷத்துக்கு ஒருமுறை போடும் ஊசி, பீடி, சிகரெட், ஹான்ஸ் புகையிலை, இதையெல்லாம் கேட்க வேண்டும். எலும்பு ஊசி போட்டவர்களுக்குத் தாடை எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. புகை பிடித்தால் கிராப்ட் ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். இதையெல்லாம் விசாரிக்காமல் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

7. காசு

ஸ்கேன், கிராப்ட், அதை மூடுகிற சவ்வு, இம்பிளான்ட், மேலே கேப் எல்லாம் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கிராப்ட் பாட்டிலில் இருக்கிற லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்) ஸ்டிக்கரை உங்கள் பைலில் ஒட்டச் சொல்லுங்கள்.

கிராப்ட் வைத்த மூன்றாம் நாள் எனக்குக் கன்னம் பன் மாதிரி வீங்கியது. ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டோ அனுப்பினேன், பத்து நிமிஷத்தில் சர்ஜனே கூப்பிட்டு "இன்னைக்குத்தான் உச்சம், நாளைக்கு இறங்கும்" என்றார், இறங்கியது. பத்தாம் நாள் தர்மபுரியிலேயே தையல் பிரித்தார்கள். அதுவரை ஆறின ராகிக் களியும் கீரைக் கடைசலும்தான். எப்படியும் களியை நாம் மென்றா தின்கிறோம்.