தவறான சர்வரை அணைத்துவிடாமல் இருக்க: தொடக்கநிலையினருக்கான செய்முறை

என் திரையில் இரண்டு டெர்மினல்கள் திறந்திருந்தன. ஒன்றில் சோதனை சர்வர், இன்னொன்றில் பயனர்கள் வேலை செய்துகொண்டிருந்த சர்வர். ஷட்டவுன் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்திய பிறகுதான் எதில் இருக்கிறேன் என்று கவனித்தேன். கட்டளையில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. தட்டிய இடம்தான் தவறு.

இனிமேல் கவனமாக இரு என்று சொல்வதால் இது தீராது. நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு வேலை செய்பவரின் கவனத்தை மட்டும் நம்பக் கூடாது. என்டருக்கும் சர்வர் அணைவதற்கும் நடுவே ஒரு தடை வேண்டும். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் இயங்குதளங்கள் ஓடும் சர்வர்களில் அதை அமைக்கும் வழி இது.

படி 1: ப்ராம்ப்டுக்கு நிறம்

டெர்மினலில் கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் தெரியும் சிறு எழுத்துத் தொடர்தான் ப்ராம்ப்ட். 2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், துணை டேட்டாபேஸ் சர்வரில் இருப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவுக் கோப்பகத்தை அழிக்கத் தொடங்கினார். ஓரிரு நொடிகளில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. ப்ராம்ப்டில் சர்வர்களைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுவதும் அவர்கள் பிறகு எடுத்த திருத்தங்களில் ஒன்று.

நீங்கள் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் பேஷ் நிரலின் அமைப்புக் கோப்பில் பிஎஸ்1 என்ற மாறிதான் ப்ராம்ப்டைத் தீர்மானிக்கிறது. அதில் சர்வரின் பெயரான ஹோஸ்ட்நேமின் முன்னால் 41 என்ற நிறக் குறியீட்டைச் சேர்த்தால் பின்புலம் சிவப்பாகும். நேரடிப் பயன்பாட்டு சர்வருக்கு மட்டும் சிவப்பு கொடுங்கள். எல்லாவற்றுக்கும் கொடுத்தால் கண் பழகிவிடும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனருக்குத் தனி அமைப்புக் கோப்பு உண்டு, அதிலும் மாற்ற மறக்காதீர்கள்.

படி 2: மாலி-கார்ட்

எனக்கு மிகவும் பிடித்த கருவி இது. ஐபிஎம் 4341 கணினியின் பெரிய சிவப்பு சுவிட்சை, ஒரு நிரலாளரின் சின்ன மகள் மாலி ஒரே நாளில் இரண்டு முறை தட்டிவிட்டாளாம். அதற்குப் போட்ட மூடியின் பெயர்தான் இந்த மென்பொருளுக்கும்.

மென்பொருள் நிறுவ உதவும் ஏபிடி மூலம் இதை நிறுவினால் ஷட்டவுன், ரீபூட், பவர்ஆஃப், ஹால்ட் கட்டளைகளை அது இடைமறிக்கும். நீங்கள் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் என்ற தொலைநிலை இணைப்பு வழியாக வந்திருந்தால் சர்வரின் ஹோஸ்ட்நேமைத் தட்டச் சொல்லும். பெயர் பொருந்தாவிட்டால் அணைக்க மறுத்துவிடும். எப்படி நுழைந்தாலும் கேட்க வேண்டுமென்றால், இடிசி கோப்பகத்தில் அதன் அமைப்புக் கோப்பைத் திறந்து, ஹோஸ்ட்நேமை எப்போதும் கேட்கும் வரியை இயக்குங்கள். சோதனை சர்வரில் ஒரு முறை வேண்டுமென்றே தவறான பெயரைக் கொடுத்துப் பாருங்கள்.

படி 3: உடனே அணைக்காதீர்கள்

ஷட்டவுனுக்குப் பக்கத்தில் 'நவ்' என்று போடும் பழக்கத்தை விடுங்கள். அதற்குப் பதில் கூட்டல் குறியும் 10 என்ற எண்ணும் கொடுத்தால் பத்து நிமிடம் கழித்துத்தான் அணையும். மனம் மாறினால் கழித்தல் குறியோடு சிறிய 'சி' கொடுத்து ரத்து செய்யலாம். ஐந்து நிமிடம் ஏன் போதாது? அணைவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே சாதாரணப் பயனர்கள் புதிதாக உள்நுழைவதை, லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தடுத்துவிடும். இணைப்பு துண்டிக்கப்பட்டுவிட்டால் ரத்து செய்யத் திரும்பி வர முடியாது.

படி 4: அணைந்தே விட்டால்

முதலில் குழுவிடம் சொல்லுங்கள், காரணத்தை அப்புறம் எழுதலாம். பதற்றத்தில் இரண்டாவதாகச் செய்யும் வேலைதான் பெரும்பாலும் முதல் தவறைவிடப் பெரிய சேதம் செய்கிறது.

அணைந்த சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் வழியாகப் போக முடியாது. கிளவுட் என்றால் அதன் கன்சோல் என்ற கட்டுப்பாட்டுப் பக்கம், சொந்த இயந்திரம் என்றால் ஐபிஎம்ஐ போன்ற தொலைநிலை மேலாண்மை வழி வேண்டும். இன்றே அதில் ஒரு முறை உள்நுழைந்து பாருங்கள். அதன் கடவுச்சொல்லை அதே சர்வரில் ஒரு கோப்பில் வைத்திருந்தால், இப்போதே வேறிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.