கைக்குழந்தையின் இடுப்பு மூட்டைப் படுக்கையருகே ஸ்கேன் செய்வது எப்படி?

கைக்குழந்தைக்கு இடுப்பு விலகல் இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பதைப் பற்றி, ஜெல், கெயின் (படத்தின் பிரகாசம்), டெப்த் (ஆழம்) எல்லாம் பழகிய இளம் மருத்துவர்களுக்காக இதை எழுதுகிறேன். இடுப்பு மூட்டு மட்டும் புதிது என்றால் மேலே படியுங்கள்.

முதலில், எப்போது பார்ப்பது? குழந்தை வயிற்றில் பிரீச்சாக, அதாவது தலைக்குப் பதில் பிட்டம் கீழே வரும்படி இருந்தது, அல்லது குடும்பத்தில் யாருக்காவது பிறவியிலேயே இடுப்பு விலகல் இருந்தது என்றால் ஆறாவது வாரம் நல்ல நேரம். பிறந்த சில நாட்களிலேயே பார்த்தால் பல மூட்டுகள் முதிராமல் தெரியும். பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும், வீட்டார்தான் பயந்துபோவார்கள். ஆனால் ஆர்ட்டோலானி, பார்லோ என்று காலை மடக்கி அசைத்துப் பார்க்கும் பரிசோதனைகளில் மூட்டு நழுவுவது கைக்குத் தெரிந்தால் ஆறு வாரம் காத்திருக்காதீர்கள், உடனே எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள். 4 முதல் 6 மாதத்துக்குள் தொடை எலும்புத் தலையில் எலும்புக்கரு உருவாகி ஒலியை மறைக்கத் தொடங்கும். அப்புறம் எக்ஸ்ரேதான்.

தோலில் வைக்கும் புரோப் லீனியர்தான் (நேர்முகம் கொண்டது), 7.5 மெகாஹெர்ட்ஸோ அதற்கு மேலோ. வளைந்த புரோபை வைத்துச் சமாளிப்பதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். விரிந்து வரும் அந்தப் படத்தில் கோணம் அளப்பதில் அர்த்தமில்லை. இன்னொன்று, ஃபுட் சுவிட்ச் இருந்தால் விடாதீர்கள். ஒரு கை புரோபில், ஒரு கை குழந்தையின் காலில் இருக்கும்போது படத்தை நிறுத்தும் ஃப்ரீஸ் பட்டனை யார் அழுத்துவது?

ஜெல்லை வெதுவெதுப்பாக்கி, பால் குடித்து முடித்த குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் சுருட்டிய துண்டை அணைவாக வையுங்கள். மேலே இருக்கும் இடுப்பு லேசாக மடங்கியிருக்கட்டும். தொடையின் மேல்முனைப் பக்கவாட்டில், உடலின் நெடுக்குவாக்கில் புரோபை வையுங்கள். குழந்தையின் தலைப்பக்கம் திரையின் இடதுபுறம் வரட்டும். கரண்டியில் முட்டை வைத்த மாதிரி ஒரு படம் வரும்: காம்பு இலியம் எலும்பு (இடுப்பெலும்பின் மேல்பகுதி), குழி கிண்ணம் (தொடை எலும்புத் தலை பொருந்தும் இடம்), முட்டை தொடை எலும்புத் தலை. தலை இன்னும் குருத்தெலும்புதான் என்பதால் கருமையாக, உள்ளே பொடிப்பொடிப் புள்ளிகளோடு இருக்கும்.

இனிதான் விஷயமே. எனக்கு நெடுநாள் கைவராமல் இருந்த இடமும் இதுதான். ஆஸ்திரிய மருத்துவர் கிராஃப் 1980-இல் வெளியிட்ட முறையில் மூன்று அடையாளங்கள் ஒரே படத்தில் வந்தாக வேண்டும்: கிண்ணத்தின் அடியில் பளிச்சென்று தெரியும் இலியத்தின் கீழ்முனை, நேர்கோடாக ஓடும் இலியம், கிண்ண விளிம்பில் சின்ன வெள்ளை முக்கோணமாகத் தெரியும் லாப்ரம் என்ற குருத்து விளிம்பு. புதிதாகப் பார்க்கிறவர்கள் இலியத்தை நேராக்குவதில் தொடங்குவார்கள். நேராகும், கீழ்முனை காணாமல் போகும். வரிசையை மாற்றுங்கள். புரோபை முன்னும் பின்னும் நகர்த்தி முதலில் கீழ்முனையைப் பிடியுங்கள். பிடித்ததும் நகர்த்துவதை நிறுத்திவிட்டு, அந்தப் புள்ளியை அச்சாக வைத்துப் புரோபின் தலைப்பக்க முனையை மட்டும் மெல்லத் திருப்புங்கள். இலியம் தோலை நோக்கிச் சாய்ந்தால் முன்னால் போய்விட்டீர்கள். குழிந்து தெரிந்தால் பின்னால். நேரானதும் லாப்ரம் தெரிகிறதா என்று பார்த்து ஃப்ரீஸ் செய்யுங்கள். புரோப் தலைப்பக்கமோ கால்பக்கமோ சாயக்கூடாது. சாய்ந்தால் நல்ல மூட்டும் கோளாறாகத் தெரியும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தப் படத்தில் அளக்காதீர்கள்.

அளப்பது சுலபம். இலியம் வழியாக ஒரு கோடு. கீழ்முனையிலிருந்து எலும்புக் கூரையைத் தொட்டுக்கொண்டு இன்னொரு கோடு. இடையில் இருப்பது ஆல்பா கோணம். 60 டிகிரியும் அதற்கு மேலும் இயல்பு. 50 முதல் 59 வரை, வயது 12 வாரத்துக்குள் என்றால் முதிராத மூட்டு, திரும்பப் பார்க்க வேண்டும். 12 வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் அனுப்புங்கள். 50-க்குக் கீழ் என்றால் எந்த வயதிலும் எலும்பு மருத்துவர் பார்க்கட்டும். கோணம் அளக்கும் வசதி இல்லாத கையடக்க மெஷினா? இலியக் கோட்டை அப்படியே நீட்டிப் பாருங்கள். தொடை எலும்புத் தலையில் பாதியாவது அதற்குக் கீழே, கிண்ணத்துக்குள் இருக்க வேண்டும்.

காய்ச்சலோடு ஒரு காலை மட்டும் அசைக்காத, டயபர் மாற்றினால் வீறிடும் குழந்தை வந்தால் கதையே வேறு, மூட்டில் தொற்றா என்று பார்க்க வேண்டும். மல்லாக்கப் படுக்கவைத்து, முன்பக்கத்தில் தொடை எலும்பின் கழுத்து வாக்கில் பாருங்கள். கழுத்துக்கும் மூட்டு உறைக்கும் இடையே கருப்பாக இடைவெளி தெரிந்தால் நீர். இரு பக்கமும் பார்த்து ஒப்பிடுங்கள். அது சீழா வெறும் நீரா என்று ஸ்கேன் சொல்லாது, ஊசி போட்டு எடுத்துத்தான் சொல்ல முடியும். நீரே இல்லாவிட்டாலும் எலும்பில் தொற்று இல்லை என்று ஆகிவிடாது.

பின்சேர்க்கை: கீழ்முனை இரண்டு இடத்தில் தெரிகிறது என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதில் ஒன்று பெரும்பாலும் தொடை எலும்புத் தலையைக் கிண்ணத்தோடு இணைக்கும் தசைநார். கெயினைக் குறைத்துப் பாருங்கள், தசைநார் மங்கும், எலும்பு பளிச்சென்றே நிற்கும். அப்படியும் சந்தேகம் என்றால் காலை மெல்ல அசையுங்கள். தலையோடு சேர்ந்து அசைவது தசைநார்.