போர்டு அடிக்கும் முன் டேப்பை எடுங்கள்

எங்கள் கடையின் பேஸ்மென்ட்டில், அரிசி மூட்டைகளுக்குப் பின்னால், பன்னிரண்டடி நீளப் போர்டு ஒன்று சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. சிவப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, அடியில் "சுடச்சுட இட்லி, தோசை, பொங்கல்" என்று ஓடும் எல்.இ.டி. பட்டை. 2,800 டாலர். ஒருநாள்கூட வெளியே மாட்டவில்லை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் கடை போடப்போகிறேன் என்று யார் வந்தாலும் முதலில் கீழே கூட்டிப்போய் அதைத்தான் காட்டுகிறேன்.

2021இல் ஹில்சைட் அவென்யூவில் கடை எடுத்தபோது நான் முதலில் டிசைன் பார்த்தேன், பிறகு அட்வான்ஸ் கொடுத்தேன், கடைசியில்தான் பெர்மிட்டைப் பற்றி விசாரித்தேன். நியூயார்க்கில் இதைத் தலைகீழாகச் செய்யவேண்டும். போர்டு செய்பவருக்கு நீங்கள் கேட்டதைச் செய்துகொடுப்பதுதான் தொழில். அதை மாட்டலாமா என்று பார்ப்பது நம் பாடு.

முதல் வேலைக்குக் காசு வேண்டாம். நகரத் திட்டத் துறையின் 'ஜோலா' என்ற வரைபடம் இணையத்தில் இருக்கிறது. கடை முகவரியைப் போட்டால் அந்த இடம் எந்த மண்டலம் என்று சொல்லும். நம் ஆட்கள் கடை வைக்கும் தெருக்களில் பெரும்பாலும் குடியிருப்பு மண்டலத்தின் மேல் சி1 அல்லது சி2 என்று ஒரு வணிகப் பட்டை போட்டிருப்பார்கள். இனி வருகிற கணக்கெல்லாம் அந்த எழுத்தைப் பொறுத்ததுதான். எங்களுடையது சி1.

அடுத்தது டேப். தெருவைப் பார்த்த முகப்பின் அகலத்தை அடிக்கணக்கில் அளந்து மூன்றால் பெருக்குங்கள். எங்களுக்குப் பதினெட்டு அடி, ஆகவே 54 சதுர அடி. அத்தனை போர்டுகளுக்கும் சேர்த்து அவ்வளவுதான். முகப்பு எவ்வளவு அகலமாக இருந்தாலும் 150ஐத் தாண்டக்கூடாது. விளக்கு எரியும் போர்டாக இருந்தால் உச்சவரம்பு 50. தட்டையான போர்டு தெருப்பக்கம் 12 அங்குலத்துக்கு மேல் துருத்தக்கூடாது. இருபக்கமும் தெரிகிற மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதற்கு 18 அங்குலம். என் பேஸ்மென்ட் போர்டு இந்த அளவுகளுக்குள் அழகாக அடங்கியது. மாட்டிக்கொண்டது அந்த ஓடும் எழுத்தில். ஒளியோ நிறமோ மாறிக்கொண்டிருந்தால் அது 'மின்னும் போர்டு'. சி1இல் அதற்கு இடமே இல்லை. பட்டையை மட்டும் கழற்றலாமே என்றால், ஒரே பெட்டியாக வெல்ட் செய்திருந்தார்கள்.

ஜன்னல் விஷயமும் பலருக்குத் தெரியாது. கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டிய வினைல் எழுத்தும் மெனுத் தாளும் மண்டல விதிப்படி போர்டே இல்லை. அதே ஜன்னலில் 'ஓப்பன்' என்று எரியும் விளக்கைத் தொங்கவிட்டால் அது போர்டாகிவிடும், கணக்கில் சேரும். முதல் மூன்று மாதம் எங்கள் பிழைப்பு உள்ளே ஒட்டிய வினைலில்தான் ஓடியது.

இனி ஆனிங். வாசலுக்கு மேல் சாய்ந்து நிற்கிற துணிக்கூரை. பழைய கடைக்காரர் விட்டுப்போன இரும்புச் சட்டம் இருந்தால், புதுத் துணி போட்டு அரை மெனுவையும் போன் நம்பரையும் அடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் ஆனிங்கில் கடைப் பெயர், கதவு எண், முகவரி, இவ்வளவுதான் வரலாம். எழுத்து மொத்தம் 12 சதுர அடிக்குள், உயரம் 12 அங்குலத்துக்குள். "கேட்டரிங் செய்து தரப்படும்" என்று எழுத ஆசைப்படாதீர்கள். தெருவில் பாதி ஆனிங்குகளில் எழுதியிருக்கிறதே என்று கேட்பீர்கள். 2018 கடைசியிலும் 2019 தொடக்கத்திலும் ப்ரூக்ளின் பக்கம் யாரோ 311 என்ற நகரப் புகார் எண்ணுக்குப் புகார் மேல் புகாராகப் போட, ஆறாயிரம் டாலரில் தொடங்கும் அபராதங்கள் பறந்து, கடைக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போர்டைக் கழற்றிய கதை உண்டு. வெறும் இரும்புச் சட்டம் மட்டும் நின்ற தெருக்களைப் பத்திரிகைப் படங்களில் பார்த்தோம். பிறகு நகர மன்றம் சட்டம் போட்டு இரண்டு வருடத்துக்கு அபராதத்தை நிறுத்திவைத்தது. அந்தச் சலுகையை நம்பி இன்றைக்கு யாரும் இறங்கவேண்டாம்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். எங்கள் பெயரில் ஒரு 'மூ', ஒரு 'ணி'. 'ணி'யின் விலங்கு மேலே போகிறது, 'மூ'வின் சுழி கீழே இறங்குகிறது. ஆங்கில எழுத்துப்போல உடம்பை மட்டும் 12 அங்குலம் வைத்தால் மேலும் கீழும் நாலைந்து அங்குலம் கூடிவிடும். வம்பு எதற்கு என்று விலங்கின் உச்சியிலிருந்து சுழியின் அடிவரை 12க்குள் அடக்கினோம். எழுத்து கொஞ்சம் சின்னதுதான். ஆனாலும் எதிர் பஸ் ஸ்டாப்பிலிருந்து வாசிக்க முடிகிறது, நானே நின்று பார்த்தேன்.

சுவரில் நேரடியாக வண்ணம் தீட்டி எழுதினாலும், விளக்கில்லாத போர்டு ஆறு சதுர அடிக்குள் இருந்தாலும் பெர்மிட் வேண்டாம். அளவு விதிகள் அப்போதும் உண்டு. மற்றதற்கெல்லாம் பெர்மிட் வேண்டும். லைசென்ஸ் உள்ள ஆர்க்கிடெக்ட்டோ இன்ஜினியரோ வரைபடம் போட்டு, கட்டடத் துறையின் 'டி.ஓ.பி. நவ்' தளத்தில் விண்ணப்பிப்பார். மாட்டுகிறவர் அந்தத் துறையில் லைசென்ஸ் பெற்ற 'சைன் ஹேங்கர்'. ஏணி வைத்திருப்பவரெல்லாம் சைன் ஹேங்கர் இல்லை. நம்பரைக் கேட்டு வாங்கித் துறைத் தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். விளக்கு இருந்தால் லைசென்ஸ் எலெக்ட்ரீஷியன் தனியாக ஒரு மின் பெர்மிட் எடுக்கவேண்டும். எனவே முதலில் சைன் ஹேங்கரைப் பிடியுங்கள். நல்லவர் கிடைத்தால் ஆர்க்கிடெக்ட்டும் எலெக்ட்ரீஷியனும் அவர் கூடவே வருவார்கள்.

உண்மையில் எங்களை இழுத்தடித்தது இதெல்லாம் இல்லை. கட்டட ஓனரின் கையெழுத்து. வாடகைக்கு இருக்கிற நாம் போட்டால் செல்லாது, ஓனர் தன் பெயரில் கணக்குத் திறந்து ஆன்லைனில் ஒப்புதல் தரவேண்டும். எங்கள் ஓனருக்கு எழுபத்தெட்டு வயது, மின்னஞ்சல் திறக்கிற பழக்கமே கிடையாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டப்பா பொங்கலோடு லாங் ஐலண்டில் அவர் வீட்டுக்கே போய், சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து முடித்துவந்தேன். லீஸ் போடும்போதே போர்டுக்கு ஒப்புதல் தருவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். வடை பொங்கலுக்கெல்லாம் மசியாத ஓனர்களும் இருக்கிறார்கள். கடை வரலாற்றுப் பாதுகாப்புப் பகுதிக்குள் இருந்தால், ஜாக்சன் ஹைட்ஸில் 37ஆவது அவென்யூவின் ஒரு பகுதி போல, லேண்ட்மார்க்ஸ் ஆணையத்தின் அனுமதியும் தனியாக வேண்டும்.

மாட்டிய மறுநாள் எல்லாம் முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். துறையில் கோப்பை முடித்துக் கையொப்பம் வாங்கும்வரை ஆர்க்கிடெக்ட்டை நச்சரியுங்கள். முடியாத கோப்பு கிடந்தால், ஓனர் கட்டடத்தை விற்கப் போகும் நாளில் தலைதூக்கும். அவர் நேராக உங்கள் கல்லாவுக்குத்தான் வருவார்.