டியூப்லெஸ்ஸா, டியூபா: சைக்கிளுக்கு எதைப் போடலாம்?

முதலில் டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 28-622 என்பதுபோல் அச்சிட்டிருக்கும். முதல் எண்தான் மில்லிமீட்டரில் அகலம். பாதி முடிவு அந்த எண்ணிலேயே இருக்கிறது.

40-க்கு மேல் என்றால் தயங்காமல் டியூப்லெஸ். அகலமான டயரில் 20 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை குறைவாகக் காற்று வைத்தால்தான் பிடிமானமும் சொகுசும் கிடைக்கும். டியூப் போட்டு அவ்வளவு குறைத்தால், கல்லில் ஏறும்போது ரிம் டியூபை நசுக்கி இரண்டு ஓட்டைகளை அருகருகே போட்டுவிடும். டியூபே இல்லையென்றால் நசுங்க எதுவும் இல்லை. 28-க்குக் கீழே நிலைமை வேறு. டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும், ஓட்டையை அடைக்கும் திரவம்தான் சீலண்ட். 70-80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அது ஓட்டையை அடைப்பதற்குள் வெளியே பீய்ச்சிவிடும். அங்கே டியூபே நிம்மதி. இடைப்பட்ட அகலத்துக்கு, பாதையில் முள் எவ்வளவு என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்தது பராமரிப்பு. சீலண்ட் 2 முதல் 6 மாதத்தில் காய்ந்துவிடும். வெயில் அதிகமுள்ள ஊரில் இன்னும் சீக்கிரம். மாதக்கணக்கில் ஓரமாக நிற்கும் சைக்கிளுக்கு டியூப்லெஸ் வேண்டவே வேண்டாம். முள் மட்டும்தான் தொல்லை என்றால், வால்வு கோரை (வால்வுக்குள் திருகியிருக்கும் சிறு பாகம்) கழற்ற முடிகிற டியூபுக்குள்ளேயே சீலண்ட் ஊற்றலாம். நசுங்கல் பஞ்சரை அது தடுக்காது.

ரிம், டயர் இரண்டிலும் 'டியூப்லெஸ் ரெடி' என்றிருக்க வேண்டும். சாதாரண டயரை டேப் ஒட்டி ஏமாற்றிப் போடாதீர்கள். ஓடும்போது ரிம்மை விட்டுக் கழன்றால் விழுவது நீங்கள்தான். ரிம் ஹூக்லெஸ் வகை (டயரின் ஓரத்தைப் பிடிக்கும் கொக்கி போன்ற உள்மடிப்பு இல்லாதது) என்றால் டியூப் போட்டாலும் டயர் டியூப்லெஸ் வகையாகவே இருக்க வேண்டும்; அழுத்தம் 72 பி.எஸ்.ஐ.யைத் தாண்டக் கூடாது. டயரிலோ ரிம்மிலோ அதைவிடக் குறைந்த அளவு எழுதியிருந்தால் அதுதான் எல்லை.

பொருத்தும்போது பெரும்பாலும் சொதப்புவது, ஸ்போக் ஓட்டைகளை மூட ரிம்முக்குள் ஒட்டும் டேப். ரிம்மின் உள் அகலத்தைவிட 2-3 மி.மீ. அகலமான டேப் வாங்குங்கள். ரிம்மை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, நன்றாக இழுத்தபடி ஒட்டி, முடிவில் 10 செ.மீ. மேலே ஏற்றி ஒட்டுங்கள். வால்வு ஓட்டையைக் கத்தியால் கீறினால் கிழிசல் நீளும். சூடான ஊசியால் வட்டமாகக் குத்துங்கள். வால்வு நட்டை விரலால் மட்டும் முறுக்குங்கள். குறடு வைத்து முறுக்கினால் நடுவழியில் டியூப் போடும்போது கழற்ற வராது.

டயரை ஏற்றி, ஓரங்களில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு கோரைக் கழற்றிவிட்டு வேகமாகக் காற்றடியுங்கள். 'டப் டப்' என்று சத்தம் வந்தால் டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. கைப்பம்பில் உட்காராவிட்டால் கம்ப்ரெசர் தேவை. பிறகு காற்றை விட்டு, வால்வு வழியே சீலண்ட் ஊற்றுங்கள்: 28 மி.மீ. டயருக்கு 30-40 மி.லி., 40-க்கு 50-60, 2.2 அங்குல டயருக்கு 80-100. கோரைப் போட்டுக் காற்றடித்து, சக்கரத்தைச் சுழற்றி, இரு பக்கமும் சாய்த்துக் குலுக்குங்கள். முதல் ஓரிரு நாள் காற்று இறங்கும், பயப்பட வேண்டாம். அதற்குப் பிறகும் இறங்கினால் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஸ்போக் ஓட்டையில் குமிழி வந்தால் டேப்பைப் பிரித்துப் புதிதாக ஒட்டுவதைத் தவிர வழியில்லை.

வழியில் பஞ்சரானால் ஓட்டையைக் கீழ்ப்பக்கம் திருப்பி நிறுத்துங்கள். சீலண்ட் அங்கே வந்து சேரும். 3 மி.மீ. வரை பெரும்பாலும் தானே அடையும். அதற்கு மேல் பிளக் (ஓட்டையை அடைக்கும் ரப்பர் துண்டு) செருகுங்கள். டயரே கிழிந்தால் டியூப்தான், ஆகவே ஒரு டியூபைக் கையில் வைத்திருங்கள். அதைப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் தடவிப் பாருங்கள். சீலண்ட் அடைத்த பழைய முட்கள் வரிசையாகக் குத்திக்கொண்டு நிற்கும். ஒன்றை விட்டாலும் புது டியூப் அங்கேயே பஞ்சர்.