எலும்பு முறியாத கழுத்துக்கு இழப்பீடு

செங்கல்பட்டு அருகே சிக்னலில் நின்றிருந்த எங்கள் காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது. அன்று வலி தெரியவில்லை. மறுநாள் காலை பல் துலக்கக் குனிந்தேன், கழுத்தை நிமிர்த்தவே முடியவில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாகவே இருந்தது.

"முறிவே இல்லையே, எதற்கு இழப்பீடு?" என்றார் காப்பீட்டு நிறுவனத்தில் பேசியவர். அந்தக் கேள்வியே தவறு. தசை, தசைநார்க் காயம் எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால் காகிதம்தான் பேச வேண்டும். மருத்துவமனையில் 'கழுத்து வலி' என்று மட்டும் சொல்லாமல், விபத்தில் பட்ட அடி என்றே பதியச் சொன்னேன். எஃப்.ஐ.ஆர். நகல், எம்.ஆர்.ஐ. அறிக்கை, பிசியோதெரபி ரசீதுகள், போய்வந்த ஆட்டோ செலவு, சம்பளம் பிடித்ததற்கு அலுவலகக் கடிதம் என எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே கோப்பில் வைத்தேன்.

அப்புறம், மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவில் மனு. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டாம், குடியிருக்கும் விழுப்புரத்திலேயே போடலாம் என்றார் வக்கீல். விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும் என்ற கெடு 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்திருப்பதால் தள்ளிப்போடவில்லை. கடைசியில் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் ஆனது. மருத்துவச் செலவு, வருமான இழப்பு இவற்றோடு, வலி வேதனைக்கும் தனியாக ஒரு தொகை கொடுத்தார்கள்.